குழந்தையின் தட்டைத் தலைக்கு ஹெல்மெட் எப்போது தேவை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் வீடு. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை, இப்போது 5 மாதம். குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்த பிறகுதான் பின்தலையின் வலப்பக்கம் தட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. பெங்களூரில் ஒரு மையத்தில் காட்டியபோது, தலை வடிவத்தைத் திருத்தும் ஹெல்மெட்டை இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் இருக்காது என்றார்கள். வீட்டில் மாமியாரோ, "தலை நின்னு உக்கார ஆரம்பிச்சா தானா உருண்டுடும், கடுகுத் தலையணை வை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதனால் மூளைக்கு ஏதாவது ஆகுமா? காத்திருந்தால் வாய்ப்பு கைநழுவிப் போகுமா? இப்படி ஆனதற்கு நீங்கள்தான் காரணமா? மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். படத்தை வைத்து எந்தக் குழந்தைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும். ஆகவே இங்கே சொல்வது எந்த வரிசையில் முடிவெடுப்பது என்பதைத்தான்.

மூளையைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். படுக்கும் பக்கத்தால் வரும் தட்டைத் தலையில் மூளையின் வளர்ச்சி தடைபடுவதில்லை. மண்டையோட்டுத் தகடுகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் திறந்தே இருக்கின்றன. ஒரு பக்கம் தரை தடுத்தால் மூளை இன்னொரு பக்கமாக ஓட்டைத் தள்ளிக்கொண்டு வளர்கிறது. இடம் குறைவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. தட்டைத் தலை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து நிற்பது, உட்காருவது போன்றவை தாமதமாவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. அசைவு குறைந்த குழந்தை ஒரே பக்கம் அதிகம் படுக்கும், அதனால் தலை தட்டையாகும். தாமதம் தட்டையாக்குகிறது என்பதற்கே காரணகாரியம் பொருந்துகிறது. ஹெல்மெட் போட்டால் வளர்ச்சித் தாமதம் சரியாகும் என்பதற்குச் சான்று கிடையாது. 5 மாதத்தில் கழுத்து இன்னும் நிற்கவில்லை என்றால் தலையின் வடிவத்தை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் தவறா என்றால், இல்லை. நீங்கள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தீர்கள், அது சரியான செயல். தூக்கத்தில் திடீரெனக் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994-இல் அது பெரிய பிரசாரமாக நடந்து, அந்த இறப்புகள் அங்கே பாதிக்கும் கீழே இறங்கின. அதன் கூடவே தட்டைத் தலைகளும் பெருகின. கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரக் குழந்தைகளைப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் தட்டை இருந்தது. நியூசிலாந்தில் 200 குழந்தைகளை 2 வயது வரை தொடர்ந்து அளந்தார்கள். 4 மாதத்தில் 100-க்கு 20 பேருக்கு இருந்தது, 8 மாதத்தில் 9 பேருக்கு, ஒரு வயதில் 7 பேருக்கு, 2 வயதில் 3 பேருக்குத்தான் இருந்தது. மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்த 3 பேரில் நம் குழந்தை ஒருவனா என்பதை "தானா சரியாகும்" என்ற சொல் காட்டித் தராது. அளவுதான் காட்டும். தட்டையைச் சரிசெய்ய என்று இரவில் குப்புறப் படுக்க வைக்கும் யோசனை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அழகுக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

ஹெல்மெட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் விலக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓட்டின் இணைப்பு ஏதாவது பிறக்கும் முன்பே மூடிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் வரும். அதிலும் பின்தலை இணைப்பு மூடி, பார்வைக்குத் தட்டைத் தலைபோலத் தோன்றும் வகை மிக அரிது. அரிதானாலும் அதற்கு வைத்தியம் வேறு: ஹெல்மெட்டால் தீராது, அறுவை சிகிச்சை தேவைப்படும், சில வகை அறுவைகளை முதல் சில மாதங்களுக்குள் செய்வதே நல்லது. வீட்டிலேயே ஒரு முதல் பார்வை பார்க்கலாம். குழந்தையை மடியில் உட்கார வைத்து உச்சியிலிருந்து நேராகக் கீழே பாருங்கள். படுக்கையால் வந்த தட்டை என்றால், தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளப்பட்டிருக்கும், அதே பக்கத்து நெற்றியும் கொஞ்சம் முன்னே வந்திருக்கும். ஒரு செவ்வகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளியதுபோல் மொத்தத் தலையும் இருக்கும். இணைப்பு மூடிய தலையில் அந்தக் காது பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும், விரலால் தடவினால் வரப்புபோல ஒரு மேடு தட்டுப்படலாம். தலை படகுபோல நீண்டு குறுகியிருந்து நடுவில் மேடு இருந்தால் அது வேறொரு இணைப்பு மூடியதன் அடையாளம். இன்னொன்றும் முக்கியம். படுக்கையால் வருவது பிறந்தபோது பெரும்பாலும் தெரியாது, முதல் 2 மாதங்களில் தோன்றும். பிறந்த அன்றே இருந்து மாதாமாதம் கூடிக்கொண்டே போவது சந்தேகத்துக்கு உரியது.

இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டியவர் குழந்தை மருத்துவர், ஹெல்மெட் விற்பவர் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவிலேயே காட்டலாம். அனுபவமுள்ள கை தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடும். எல்லாக் குழந்தைக்கும் சி.டி. ஸ்கேன் தேவையில்லை, கதிர்வீச்சு வீண். சந்தேகம் வந்தால் மட்டும் படம் எடுத்து, வேலூர் சி.எம்.சி. அல்லது பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்தின் நரம்பியல் அறுவைத் துறைக்கு அனுப்புவார்கள். அப்படியே தலைச் சுற்றளவையும் அளந்து தாய்-சேய் அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 14-ஆவது வாரத்துக்குப் பிறகு அடுத்த ஊசி 9-ஆவது மாதத்தில்தான். தலை வடிவத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் விழுகிறது. ஊசிக்கு மட்டும் மருத்துவமனை போகிற வீடுகளில் இதை யாரும் பார்க்காமலே போய்விடுவது இதனால்தான்.

அடுத்தது கழுத்து. தட்டையை விட எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் காரணம் பல சமயம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு வலப்பக்கம் தட்டை என்றால் அவன் வலப்பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறான். ஏன்? பழக்கத்தாலும் இருக்கலாம், இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருப்பதாலும் இருக்கலாம். இடப்பக்கத் தசை இறுகினால் தலை இடது தோள் பக்கம் சாயும், முகவாய் வலப்பக்கம் திரும்பும். இதற்கு டார்ட்டிகோலிஸ் என்று பெயர். சோதிப்பது எளிது. மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் தோள்களை மெதுவாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கிலுகிலுப்பையை வலப்புறமிருந்து இடப்புறமாகக் கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் முகவாய் தோளுக்கு நேராக வரும் வரை திரும்ப வேண்டும். இடப்பக்கம் பாதியில் நின்றால், அல்லது தலைக்குப் பதிலாக உடம்பே சேர்ந்து திரும்பினால், கழுத்து இறுகியிருக்கிறது. கழுத்தில் கடலைபோல ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். இந்த இறுக்கத்தை விட்டுவிட்டு ஹெல்மெட் மட்டும் போட்டால், கழற்றிய பிறகும் குழந்தை அதே பக்கம்தான் படுப்பான்.

கழுத்து இறுகியிருந்தால் பிசியோதெரபி தேவை. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்துக் காட்டித் தரட்டும், பிறகு வீட்டில் நீங்களே செய்யலாம். உங்கள் குழந்தைக்கு என்றால் இரண்டு அசைவுகள். ஒன்று, வலது தோளை அசையாமல் பிடித்து முகவாயை இடது தோள் பக்கம் மெதுவாகத் திருப்புவது. இன்னொன்று, இடது தோளைப் பிடித்துக்கொண்டு வலது காதை வலது தோளை நோக்கிச் சாய்ப்பது. ஒவ்வொன்றையும் 10 முதல் 30 விநாடி வரை நிறுத்தி, 3 தடவை, துணி மாற்றும்போதெல்லாம். குழந்தை எதிர்த்துத் தள்ளினால் விட்டுவிடுங்கள், பலம் போட்டு இழுக்கக் கூடாது. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வெறுமனே பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதைவிடப் பிசியோதெரபி மேல் என்று உறுதியாகவே சொல்கிறது. பணமும் ஹெல்மெட் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மாவட்ட மருத்துவமனை வழியாக ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசு மையம்) அனுப்பச் சொன்னால் கட்டணமே இல்லாமல் கிடைக்கும்.

இப்போது அளவு. "ரொம்பத் தட்டை", "லேசாத்தான்" என்ற சொற்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேலிப்பர் என்ற கவைக்கருவியால் தலையைக் குறுக்காக இரண்டு தடவை அளப்பார்கள்: மூக்கு நேர்க்கோட்டுக்கு இரு புறமும் 30 பாகை சாய்வில். இரண்டு அளவும் சமமாக இருந்தால் தலை சீர். உதாரணத்துக்கு ஒன்று 130 மி.மீ., இன்னொன்று 120 மி.மீ. என்று வைப்போம். வித்தியாசம் 10, அதைப் பெரிய அளவால் வகுத்தால் 7.7 சதவீதம். பரவலாகப் பயன்படும் அட்லாண்டா அளவுகோலில் 3.5-க்குக் கீழே என்றால் இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. சில இடங்களில் சிறிய அளவால் வகுப்பார்கள். அப்போது இதே தலைக்கு 8.3 வரும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே கையால் அளந்ததை மட்டுமே ஒப்பிடுங்கள். கையால் அளப்பதில் 2 மி.மீ. முன்பின் வருவது சகஜம், அந்த அளவு மாற்றத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். பின்தலை முழுவதும் சமமாகத் தட்டையாகி அகன்றுவிட்ட குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அகலத்தை நீளத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்.

மையத்தில் சொன்ன "இந்த வாரமே" என்பதற்கு வருகிறேன். ஹெல்மெட் தலையை அழுத்துவதில்லை. புடைத்த பக்கத்தை வளர விடாமல் தாங்கிக்கொண்டு, தட்டையான பக்கத்தில் காலி இடம் விடுகிறது. தலை வளர்ந்துதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எனவே தலை எவ்வளவு வளர மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆண் குழந்தைக்குப் பிறக்கும்போது சுமார் 34.5 செ.மீ. சுற்றளவு, 5 மாதத்தில் 42.6, ஒரு வயதில் 46 என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் சராசரி. 5 மாதத்திலிருந்து ஒரு வயது வரை இன்னும் 3.5 செ.மீ. வளரும். 6 வாரம் காத்திருந்தால் அதில் ஏறக்குறைய 1 செ.மீ. போய்விடும், இரண்டரை மிச்சம் இருக்கும். ஆக, 6 வாரத்தில் கதவு அடைபடாது. அதே சமயம் அந்த 6 வாரம் இலவசமும் அல்ல, மிச்சமிருக்கும் வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதை அது எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் "சும்மா இருந்து பார்க்கலாம்" என்பதையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. அந்த ஒரு செ.மீ. வளர்ச்சியையே தட்டையை நிரப்பப் பயன்படுத்திக்கொள்ளும் விதமாக இந்த 6 வாரம் நடக்க வேண்டும்.

அதை வீட்டில் எப்படிச் செய்வது? முதலில் அவன் எங்கே, எப்படிப் படுக்கிறான் என்று கவனியுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அம்மா. குழந்தை இரவு முழுக்க அம்மா பக்கமே திரும்பும். பகலில் வாசல் வெளிச்சம் வரும் பக்கம், ஓடும் மின்விசிறி இருக்கும் பக்கம். உங்கள் குழந்தை இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதால் அம்மா, வாசல், வெளிச்சம் எல்லாம் அவனுக்கு இடப்புறம் இருக்கும்படி இடத்தை மாற்றுங்கள். பாயில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தால் அதற்காகச் சண்டை வேண்டாம். பாயைக் கிழக்கு மேற்காக விரித்து, எந்தப் பக்கம் தலை வைத்தால் நீங்கள் அவனுக்கு இடப்புறம் வருகிறீர்களோ அந்தப் பக்கம் வையுங்கள். தூங்கிய பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி விடலாம், திரும்பிக்கொண்டால் பரவாயில்லை, மறுபடி ஒரு தடவை. தூக்கி வைத்துக்கொள்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் குழந்தையை இடது கையில் ஏந்துவார்கள், அப்போது அம்மா முகத்தைப் பார்க்க அவன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கத் தட்டை அதிகம் காணப்படுவதற்கு வயிற்றில் இருந்த நிலையைப் பெரிய காரணமாகச் சொல்வார்கள், இந்தக் கைப்பழக்கமும் அதைக் கெட்டிப்படுத்துகிறது. வலது கையில் ஏந்திப் பழகுங்கள். அவன் உங்களைப் பார்க்க இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும்.

விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போடுவது இதற்கு அடுத்து. ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளில் 6, 7 தடவை, மொத்தம் ஒரு மணி நேரத்தை நோக்கிக் கொண்டு போங்கள். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், பால் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தரையில் அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் போடுங்கள், இல்லையென்றால் சுருட்டிய துண்டை அக்குளுக்குக் கீழே வைத்து நெஞ்சைச் சற்று உயர்த்துங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறார்களே பாட்டிமார்கள், அதுவும் இதே பயிற்சிதான். நேரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள். வெளியில் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தலை எதிலும் படாத ஒவ்வொரு நிமிடமும் லாபம். பவுன்சர், ஊஞ்சல் நாற்காலி, கார் இருக்கை எல்லாமே பின்தலையை ஒரே இடத்தில் அழுத்துகிறவை, பயணத்துக்கு மட்டும் போதும்.

கடுகுத் தலையணையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தலையைச் சுற்றி அழுத்தத்தைப் பரவலாக்கும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் மென்மையான, நகரக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பதே பாதுகாப்பான தூக்கத்தின் விதி. 5 மாதக் குழந்தை உருள ஆரம்பிக்கும் வயது. முகம் தலையணையில் புதைந்தால் திரும்பிக்கொள்ளத் தெரியாது. கடையில் விற்கும் நடுவில் குழி வைத்த தலையணைக்கும், சேலையைச் சும்மாடுபோலச் சுருட்டித் தலைக்குக் கீழே வைப்பதற்கும் இதே பதில்தான். தூளியிலும் தலையை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சு சிரமப்படவும் கூடும். கண் முன்னே கொஞ்ச நேரம் ஆட்டலாம், இரவுத் தூக்கம் பாயிலேயே இருக்கட்டும். குளிப்பாட்டும்போது தலையை இரண்டு கையாலும் அழுத்தி உருண்டையாக்குவதை நிறுத்துங்கள். மாதக்கணக்கில் வந்த வடிவம் இரண்டு நிமிட அழுத்தத்தில் மாறாது, அழுத்தம் தவறினால் காயம்தான் மிஞ்சும்.

ஹெல்மெட்டால் உண்மையில் எவ்வளவு பலன்? இங்கேதான் உறுதியானதையும் சர்ச்சைக்கு உரியதையும் பிரிக்க வேண்டும். நெதர்லாந்தில் 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 5, 6 மாத வயது, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தட்டை. ஒரு பிரிவு நாளுக்கு 23 மணி நேரம், 6 மாதம் ஹெல்மெட் போட்டது, இன்னொன்று எதுவும் போடவில்லை. 2 வயதில் முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பிரிவில் 25.6 சதவீதம், போடாத பிரிவில் 22.5 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோர் எல்லோருமே வியர்வை, நாற்றம், தோல் எரிச்சல் என்று ஏதாவது ஒரு தொல்லையைச் சொன்னார்கள். ஆனால் அந்த ஆய்வில் பல குழந்தைகளுக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்துகொண்டிருந்தது, கழுத்து இறுக்கம் உள்ளவர்களைச் சேர்க்கவும் இல்லை. மறுபக்கம், சிகாகோவில் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை 2015-இல் தொகுத்தார்கள். பக்கம் மாற்றுதலும் பிசியோதெரபியும் மட்டும் செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்குச் சரியானது, முதலிலேயே ஹெல்மெட் போட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு. இவை எல்லாவற்றையும் விட உங்களுக்குப் பயன்படும் எண் இன்னொன்று: முதலில் இவற்றைச் செய்து பலிக்காமல் பிறகு ஹெல்மெட்டுக்கு மாறியவர்களில் 96 சதவீதம் பேருக்குச் சரியானது. அதாவது அங்கே முதலில் முயன்று பார்த்ததால் ஹெல்மெட்டின் பலன் குறைந்ததாகத் தெரியவில்லை. இது குலுக்கல் ஆய்வு அல்ல, எனவே முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்து என் கணிப்பு இது: லேசான தட்டைக்கு ஹெல்மெட் வீண். கடுமையான, பிடிவாதமான தட்டைக்கு, நன்றாகப் பொருந்திய ஹெல்மெட் வேகமாகவும் கூடுதலாகவும் திருத்தும். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அது வீட்டார் எடுக்க வேண்டிய முடிவு.

வயதை வைத்துச் சொன்னால், 4 மாதத்துக்கு முன் யார் ஹெல்மெட் சொன்னாலும் ஏற்க வேண்டாம். 4 முதல் 6 மாதம் வரை, இப்போது நீங்கள் இருக்கும் இடம், முதல் அளவு எடுத்து 4 முதல் 6 வாரம் மேலே சொன்னதைத் தீவிரமாகச் செய்யும் காலம். அதன் பிறகு அளந்து பார்த்து, 8 சதவீதமாக இருந்த வித்தியாசம் 6 ஆகியிருந்தால் தொடருங்கள், ஹெல்மெட் தேவையில்லை. 9, 10-ல் நின்று அசையவே இல்லை, காது முன்னே வந்து நெற்றியும் முகமும் கோணலாகத் தெரிகிறது என்றால் அப்போது போடுங்கள், 6 முதல் 8 மாதம் அதற்கு நல்ல வயது. முதல் அளவே 11-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் நான் 6 வாரம் நிற்கமாட்டேன், 2, 3 வாரத்தில் மறுபடி அளந்து முடிவெடுப்பேன். குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும். 10 மாதத்துக்கு மேல் பலன் வேகமாகக் குறைகிறது, ஒரு வயதுக்கு மேல் செலவுக்குத் தக்க பலன் இருக்காது.

போடுவதென்று முடிவானால் எங்கே சறுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் கழற்றி, 4, 5 நாளில் படிப்படியாக 23 மணி நேரத்துக்குக் கொண்டு வருவார்கள். குளியலுக்கு மட்டும் கழற்றுவது. கழற்றிய உடன் தோல் சிவந்திருப்பது சகஜம், ஒரு மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாத சிவப்பு ஒரே இடத்தில் வந்தால் அந்த இடத்தில் உள்ளே இருக்கும் ஃபோமைச் செதுக்க வேண்டும் என்று பொருள், நீங்களாகப் பஞ்சு வைத்துச் சமாளிக்காதீர்கள். கொப்புளமோ புண்ணோ வந்தால் உடனே நிறுத்துங்கள். காய்ச்சல் வந்தாலும் கழற்றிவிட வேண்டும். தலைக்கு எண்ணெய், பவுடர், நலங்கு மாவு எதுவும் கூடாது. வியர்வையோடு சேர்ந்து தோலை ஊற வைத்துவிடும். தினமும் உட்புறத்தை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஓசூர்க் குளிருக்குப் பரவாயில்லை, தர்மபுரியில் சித்திரை வெயிலில் 23 மணி நேரம் என்பது குழந்தைக்கும் உங்களுக்கும் கடினம். முதல் வாரங்களில் மெல்லிய ஒரே பருத்திச் சட்டை, காற்றோட்டமான அறை, வியர்வையைத் துடைக்க அடிக்கடி இரண்டு நிமிட இடைவெளி வேண்டும். நடுவில் இன்னொரு மொட்டையோ காதுகுத்தோ வைக்காதீர்கள். முடி போனால் பொருத்தம் மாறும், புதிதாகக் குத்திய காதில் விளிம்பு உரசும்.

எல்லாவற்றையும் விட அதிகம் கெடுப்பது தூரம்தான். தலை வளர வளர 2, 3 வாரத்துக்கு ஒரு தடவை உள்ளே செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். 3, 4 மாதத்தில் 4 முதல் 8 தடவை. பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குக் கைக்குழந்தையோடு அத்தனை தடவை போய்வர முடியுமா என்று பணம் கட்டும் முன்பே வீட்டில் பேசுங்கள். இரண்டு தடவை போய் நிறுத்திவிட்டால், இறுகிப்போன ஹெல்மெட் வளர வேண்டிய இடத்தையும் தடுக்கும், போடாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். மையத்திடம் கேட்க வேண்டியவை: முதல் அளவின் இரண்டு எண்களும் எழுத்தில் வேண்டும், எதால் வகுத்தார்கள் என்று சொல்ல வேண்டும், சரிசெய்யும் வருகைகள் சொன்ன விலைக்குள் அடங்குமா, தலை வேகமாக வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் என்ன செலவு, எந்த எண் வந்தால் நிறுத்துவார்கள். எண்களைத் தர மறுக்கும் இடத்தில் போட வேண்டாம்.

மொட்டைத் தலை இப்போது உங்களுக்கு ஒரு வசதி. முடி முளைக்கும் முன் இன்றே மேலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்பா மடியில் உட்கார வைத்து, கைபேசியை உச்சிக்கு நேர் மேலே ஒரு முழம் உயரத்தில் பிடித்து, மூக்கு நுனியும் இரண்டு காதும் தெரியும்படி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே உயரம், அதே வெளிச்சம். முடி வந்த பிறகு தலையை நனைத்துப் படிய வைத்து எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும் தாய்-சேய் அட்டையையும் பெங்களூரில் தந்த தாளையும் ஒன்றாக எடுத்துப் போங்கள்.